முத்திரை நலம்

பேச்சித்தாய் அரசாங்கத்திடம் கேட்டது ஒரு கதவு. புதுக்கதவுகூட இல்லை. ஏற்கெனவே சுவரில் இருக்கிற கதவைத் திறந்துவிடச் சொல்லித்தான் கேட்டாள். அரசாங்கம் அவளுக்கு ஒரு குழு கொடுத்தது, பலகை கொடுத்தது, நெஞ்சில் குத்திக்கொள்ள பேட்ஜ் கொடுத்தது, கடைசியில் ஒரு நோட்டீசும் கொடுத்தது. கதவை மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்காததற்கு அவியளிடம் காரணம் இல்லாமலா போகும்? ஒரு பீரோ நிறைய இருந்தது.

கோவில்பட்டிக்கு மேற்கே சௌந்தரபாண்டியன் தீப்பெட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி மின்விசிறி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்குப் பேரே ஆபீஸ்தான். அதன் பின்கட்டில் குச்சி காயப்போடுகிற ரூம். மருந்து முக்கின குச்சிகளை மரச்சட்டங்களில் அடுக்கிக் காய வைப்பார்கள். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவே பதினோரு பெண்கள். பதினோரு பேரில் ஒருத்தி பேச்சித்தாயின் மகள் பிரேமா. பேச்சித்தாய் அதே ஆபீசில் முன்கொட்டகையில் பண்டல் போடுகிறவள். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

பின்கதவுக்கு எப்போதும் பூட்டு. "தொறந்து வச்சா ஒண்ணுக்குப் போறேன்னு போயி வேப்பமரத்தடியில மாநாடு போடுதாளுவ" என்பார் கணக்கப்பிள்ளை செண்பகராஜ். சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

ரெண்டாயிரமாவது வருஷம் பங்குனியில், உச்சிவெயில் நேரம் ஒரு சட்டம் பற்றிக்கொண்டது. பதினோரு பேரும் முன்வாசலுக்கு ஓடி ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து வெளியே வந்தார்கள். பிரேமாவுக்கு இடது முழங்கை வரைக்கும் தோல் வழண்டுவிட்டது. வாழை இலையில் படுக்கப்போட்ட பிள்ளையைப் பார்த்துப் பேச்சித்தாய் அழவில்லை. "பின்கதவு தொறந்திருந்தா?" என்று ஒரே கேள்வியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு அலுத்ததும் தபால் கார்டு வாங்கி எழுதினாள். அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவள். அ, ஆ கற்றதுக்கு அதுதான் முதல் உபயோகம்.

கார்டு போய்ச் சேர்ந்த இடம் தூத்துக்குடியில் தொழிலகப் பாதுகாப்பு வலுவூட்டல் அலுவலகம். அங்கிருந்து ஆடி மாசம் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. 'வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னறிவிப்பற்ற திடீர் ஆய்வு நடைபெறும். மதிய உணவு சைவம்.'

வியாழக்கிழமை ஆபீசையே அடையாளம் தெரியவில்லை. எல்லார் கையிலும் உறை, மூக்கில் துணி. பின்கதவை ஒட்டின வெளிச்சுவரில் புதுச்சிவப்பில் நாலு வாளி. அதில் மணல் இருக்க வேண்டும் என்று சட்டம். மணலுக்கு வைப்பாற்றுக்கு வண்டி விட வேண்டும். செண்பகராஜ் யோசித்தார். ஆபீசுக்குப் பின்னாலேயே கரிசல் காடு கிடக்கிறது. நாலு மம்பட்டி வெட்டி நாலு வாளியிலும் போட்டாயிற்று.

ஆய்வாளர் ஹரிகிருஷ்ணன் ஒல்லியான மனுஷன். ஒரு அச்சடித்த பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை அதற்குள் அடைத்துக்கொண்டே வந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். 'வாளி நான்கு. மண் உண்டு' என்று எழுதினார். என்ன மண் என்று கேட்க அந்தப் பாரத்தில் இடமில்லை.

பேச்சித்தாய் கொட்டகையிலிருந்து எழுந்து போனாள். செண்பகராஜ் கண்ணாலேயே அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அய்யா, கார்டு போட்டது நாந்தான். அந்தப் பின்கதவு."

ஹரிகிருஷ்ணன் போய்ப் பார்த்தார். பூட்டைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, பேச்சித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பிள்ளைகளுக்காக ஒரு அதிகாரிக்கு இவ்வளவு கோபம் வருதே என்று.

"பூட்டு! அவசர வழியில பூட்டு! இது கொலைக்குச் சமம் தெரியுமாய்யா? இந்தப் பூட்டை நான் சும்மா விடமாட்டேன்!" என்று கத்தினார்.

சும்மா விடவும் இல்லை. பையிலிருந்து வெள்ளைத்துணி எடுத்தார், நூல் எடுத்தார், அரக்கு எடுத்தார். தீப்பெட்டி ஆபீசில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? செண்பகராஜே ஒன்று உரசிக் கொடுத்தார். பூட்டைத் துணியால் சுற்றி, நூலால் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை 'ணங்'கென்று வைத்து அழுத்தினார். சாவியை ஒரு கவரில் போட்டு அதையும் ஒட்டிக்கொண்டார்.

"இனி இந்தப் பூட்டு குற்றத்தின் சான்று. வழக்கு முடியும்வரை எவனும் இதைத் தொடக்கூடாது."

"அப்ப கதவுய்யா?" என்றாள் பேச்சித்தாய்.

"கதவுக்கென்னம்மா? இதுவரை முதலாளி பூட்டியிருந்தான். இனி அது அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கு."

ஜீப் போய்விட்டது. பேச்சித்தாய் வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். முன்னேயாவது சாவி செண்பகராஜ் இடுப்பில் இருந்தது. கூப்பாடு போட்டால் மனுஷன் ஓடிவந்து திறப்பார் என்று ஒரு நப்பாசை. இப்போது சாவி தூத்துக்குடிக்குப் போகுது.

மறுவாரம் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு அவளும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள். வலுவூட்டல் அலுவலகம் மாடியில் இருந்தது. அங்கேயும் ரெண்டு கதவு. ஒன்றின் மேல் 'அவசர வழி' என்று எழுதியிருந்தது, அதை மறைத்து நெஞ்சுயரத்துக்குக் காகிதக் கட்டு. என்ன கட்டு என்று கேட்டாள். எல்லாம் பூட்டின கதவைப் பற்றி வந்த மனுக்கள்தான் என்றான் பியூன்.

மண்டல அதிகாரி மாயகிருஷ்ணன் அவளை உட்காரச் சொன்னார், டீயும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. திறக்கச் சொல்லி ஆய்வாளர் கேட்க முடியாது, பூட்டு இப்போது வழக்கில் இருக்கிறது. முதலாளி கேட்க முடியாது, அவர் எதிரி. தொழிலாளி கேட்க முடியாது, அவள் வழக்கில் கட்சியே இல்லை. பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார்.

"அப்ப யாருதான் தொறக்கணும் அய்யா?"

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் ஒரு உயர்மட்டக் குழு போட்டிருக்கோம். பாருங்கம்மா, முன்னே இந்தத் துறை படுத்துக் கிடந்தது. வருஷத்துக்கு நூறு ஆய்வு. நான் வந்து வலுவூட்டினேன், இப்ப நானூறு. முன்னே ஒரு ஆய்வுக்கு ரெண்டு பக்கம் அறிக்கை, இப்ப பதினாறு பக்கம்."

"எத்தனை கதவுய்யா தொறந்துச்சு?"

மாயகிருஷ்ணன் சிரித்தார். குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. "கதவு திறக்கிறது நம்ம தலைப்புல வராதும்மா. நம்ம தலைப்பு ஆய்வு. திறந்துட்டா அப்புறம் எதை ஆய்வு செய்ய?"

போன அலைச்சல் வீணாகவில்லை. மறுமாசமே வலுவூட்டல் ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு பலகை வந்தது. பச்சை எழுத்தில் 'அவசர வழி', அதோடு ஓடுகிற மனுஷன் படம். முத்திரை வைத்த கதவுக்கு நேர் மேலே அடித்தார்கள். அடுத்து ஆபீசில் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். தொழிலாளர் தரப்பு உறுப்பினர் யார் என்ற கேள்வி வந்ததும் ஹரிகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. "புகார் கொடுத்த தாயிதான். விழிப்புணர்வு உள்ளவங்க" என்று பேச்சித்தாய் சேலையில் பேட்ஜைக் குத்திவிட்டார்.

குழு உறுப்பினருக்கு வேலை ஒன்றே ஒன்று. திங்கள்கிழமைதோறும் பின்கதவுக்குப் போய், அரக்கு விரிசல் விடாமல் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் 'முத்திரை நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அடி ஆத்தி, இதை என்ன சொல்ல! கதவைத் திற என்று கார்டு எழுதின அதே கை. வாராவாரம் அதைக்கொண்டே கதவு திறக்கவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுத வைத்துவிட்டார்கள். எழுதும்போது உள்ளே பிரேமா சட்டம் அடுக்குகிற சத்தம் கேட்கும். "ஏட்டி" என்பாள் கதவில் வாய் வைத்து. "என்னம்மா" என்று பிள்ளை உள்ளேயிருந்து கேட்பாள். "ஒண்ணுமில்லை, இருக்கியான்னு பாத்தேன்" என்பாள். கொட்டகைக்குத் திரும்பி வந்து பண்டல் போடும்போது எங்கே கருகின வாடை வந்தாலும் கை நின்றுபோகும். சமையல் கொட்டகையில் சோறு அடிப்பிடித்தாலும் எழுந்து பின்பக்கம் ஓடிப் பார்ப்பாள்.

"நீ அந்த வேலைக்குப் போகாண்டாம்ட்டி, களையெடுக்கப் போ" என்று சொல்லிப் பார்த்தாள். "களை இருந்தா எடுக்க மாட்டேனாம்மா? காடே வெடிச்சுக் கிடக்கு" என்றாள் பிரேமா. அதுவும் நிஜம்தான்.

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. சுவரில் தொங்கின வாளி நாலும் நிறைந்து வழிந்தது. தண்ணீரும் கரிசல் மண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கரிசல்காட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. செண்பகராஜும் அங்கே பிறந்தவர்தான். ஆனாலும் வாளியை யார் பார்த்தார்கள்? தை வெயிலில் காய்ந்து, மாசி வெயிலில் இறுகி, நாலு வாளியிலும் நாலு பாறை உட்கார்ந்துகொண்டது. மாசாமாசம் ஹரிகிருஷ்ணன் வந்தார். 'வாளி நான்கு. மண் உண்டு. முத்திரை நலம்.'

மாசிக் கடைசியில் பாதுகாப்பு வாரம் வந்தது. அந்த வட்டாரத்திலேயே விபத்தில்லா ஆபீஸ் என்று சௌந்தரபாண்டியன் ஆபீசைத் தேர்ந்தெடுத்து, கேடயம் கொடுக்க மாயகிருஷ்ணனே வருவதாக ஏற்பாடு. பங்குனியில் பிரேமா கை வெந்தது என்னாயிற்று என்றால், அது கார்டு வருவதற்கு முன்னே நடந்தது, கணக்கில் வராதாம்.

பந்தல் போட நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். குச்சி காயப்போடுகிற ரூமின் முன்வாசலில் இருந்தது. அங்கேயே மேடை போட்டார்கள். மேடைக்குப் பின்னால், முன்கதவை மறைத்து, 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று சுவரகலத்துக்கு ஒரு துணி. மேடையைத் தாங்க எண்ணெய்ப் பீப்பாய்கள், அவற்றின் மேல் பலகை, பலகை மேல் சோபா. கதவை நாலு விரற்கடைக்கு மேல் திறக்க முடியாது. சாயங்காலம் லோடு போக வேண்டும் என்று உள்ளே வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பேச்சித்தாய் பதறிப்போய் செண்பகராஜிடம் ஓடினாள். "அண்ணாச்சி, உள்ள பிள்ளைக வேலை செய்யுது. வாசலை அடைச்சு மேடை போடுதீங்களே!"

"அரை மணி நேரம் தாயி. அவசரம்னா பின்னால போர்டு இருக்குல்லா."

"போர்டுதான அண்ணாச்சி இருக்கு!"

"நீயே குழு உறுப்பினரு. இன்னைக்குப் போய் சத்தம் போடலாமா? போ, போயி மேடை ஓரமா உக்காரு. பேட்ஜ் நேரா இருக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி நுனியில்தான். காது துணிக்குப் பின்னால் இருந்தது.

மாயகிருஷ்ணன் பேசினார். "கடந்த ஏழு மாதங்களாக இந்த ஆபீசில் ஒரு முத்திரை கூட உடையவில்லை! சிலர் கேட்கிறார்கள், தொழிலாளி பாதுகாப்பாக இருக்கிறானா என்று. தொழிலாளி இன்று வருவான், நாளை போவான். பதிவேடு நிரந்தரம். பதிவேடு பாதுகாப்பாக இருந்தால் தொழிலாளி தானாகப் பாதுகாப்பாக இருப்பான்!"

கைதட்டினார்கள். அடுத்து உறுதிமொழி. எல்லாரும் எழுந்து வலதுகையை நீட்டினார்கள். 'பாதுகாப்பை என் உயிரினும் மேலாக' என்று மாயகிருஷ்ணன் சொல்ல, கூட்டம் 'உயிரினும் மேலாக' என்றது. அப்போதுதான் துணியில் 'மூச்சு' என்கிற எழுத்துக்குக் கீழே புகை கசிந்தது.

உள்ளே யாரோ அலறினார்கள். கதவு பீப்பாயில் முட்டி 'டம்', 'டம்' என்றது.

"தீ! அய்யா, தீ!" பேச்சித்தாய் கத்தினாள்.

"உறுதிமொழியை நடுவில் நிறுத்தக்கூடாது" என்றார் மாயகிருஷ்ணன், நீட்டின கையை மடக்காமல். "இன்னும் ரெண்டு வரிதான்."

சிலர் பீப்பாயைத் தள்ளப் போனார்கள். மேலே சோபா, சோபா முன்னால் நீட்டின கையோடு முதலாளி. நகரவில்லை. பேச்சித்தாய் காத்திருக்கவில்லை. சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு ரூமைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். பின்கதவை உள்ளிருந்து கைகள் அறைந்துகொண்டிருந்தன. கீழிடுக்கில் புகை.

"அம்மா! அம்மா!"

"வந்துட்டேன்ட்டி! தள்ளி நில்லுங்க!"

பூட்டைப் பிடித்து இழுத்தாள். அரக்கு பளபளவென்று நலமாக இருந்தது. கல் தேடினாள். கரிசல் காட்டில் கல்லுக்கு எங்கே போக? சுவரில் சிவப்பு வாளி தெரிந்தது. மண்ணையாவது இடுக்கில் போடுவோம் என்று எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு பொடி விழவில்லை. உதறினாள். வாளிக்குள் மண் வாளியளவுக்கே ஒரே கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் வாளியை ரெண்டு கையாலும் தூக்கி, பலங்கொண்டமட்டும் பூட்டின் மேல் இறக்கினாள்.

"ஏய்! முத்திரை! முத்திரை!" ஹரிகிருஷ்ணன் ஓடிவந்துகொண்டிருந்தார்.

ரெண்டாவது அடியில் அரக்கு சிதறியது. மூன்றாவது அடியில் வாளி நெளிந்தது, மண் நெளியவில்லை. நாலாவது அடியில் நாதாங்கி கதவிலிருந்து பிய்ந்து வந்தது. கதவு திறந்து பெண்கள் புகையோடு வந்து விழுந்தார்கள். பேச்சித்தாய் விரலை மடக்கிக்கொண்டே நின்றாள். ஏழு, எட்டு, ஒன்பது. பிரேமா இல்லை. உள்ளே காலை வைக்கப் போனபோது, தரையோடு தரையாகப் பிரேமா தவழ்ந்து வந்தாள். வெந்து ஆறின அந்தக் கையால், கூட வேலை செய்கிற, மயங்கிக் கிடந்த வெள்ளைத்தாயை இழுத்துக்கொண்டு வந்தாள். பத்து, பதினொன்று.

பேச்சித்தாய் அப்போதுதான் அழுதாள். மகளைக் கட்டிக்கொண்டு, கரியும் கண்ணீருமாக, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள்.

"நல்லவேளை" என்றார் ஹரிகிருஷ்ணன். சொன்னதை யாரும் கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு, கைக்குட்டையை விரித்து அரக்குத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

விசாரணைக்குப் பேச்சித்தாயைத் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ரெண்டு பைல். முதல் பைல் தீயைப் பற்றியது. 'முத்திரை வைக்கப்பட்ட கதவு வழியே ஆள் வெளியேற இயலாது. ஆகவே எவரும் வெளியேறவில்லை. உள்ளே இருந்தவர்களில் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆகவே தீ விபத்து நிகழவில்லை. அலங்காரத் துணிக்குச் சிறு சேதம். கேடயத்தைத் திரும்பப் பெற முகாந்திரமில்லை.' ரெண்டாவது பைல் அவளைப் பற்றியது. 'முத்திரையைக் காக்க வேண்டிய குழு உறுப்பினரே அதனைக் கரிசல் மண் கொண்டு தாக்கி அழித்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?'

பேச்சித்தாய் ரெண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நிதானமாகக் கேட்டாள். "அய்யா, நான் கதவை உடைக்கலைன்னா எனக்கு எதுக்கு நோட்டீசு? உடைச்சேன்னா, என் மக அது வழியா வந்தான்னு எழுதலாம்லா?"

"அது வேற செக்‌ஷன், இது வேற செக்‌ஷன்மா" என்றார் மாயகிருஷ்ணன். "ஆனா உங்க மேல எனக்குக் கோபமில்லை. நீங்க எங்களுக்கு ஒரு பெரிய பாடம் சொல்லியிருக்கீங்க. ஒரு பொம்பளை நாலு அடியில உடைக்கிற அளவுக்கா நம்ம அமலாக்கம் பலவீனமா இருக்கு? வலுவூட்டணும்!"

கடும் எச்சரிக்கையோடு அவளை விட்டுவிட்டார்கள். குழுவிலிருந்தும் எடுக்கவில்லை. எடுத்தால் திங்கள்கிழமை யார் கையெழுத்துப் போடுவது?

பங்குனிக் கடைசியில் பின்கதவுக்குப் புதுக்கதவு வந்தது. குறுக்கே இரும்புப் பட்டை, உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு, ஒன்றுக்கு மூன்றாக அரக்கு முத்திரை. நெளிந்த வாளிக்குப் பதில் புதுவாளி வந்தது. மற்ற மூன்றையும் கொத்திக் காலிசெய்து, நாலிலும் பின்னால் காட்டிலிருந்தே மண் வெட்டிப் போடச் சொன்னார் செண்பகராஜ். பொலபொலவென்று நல்ல மண்.

திங்கள்கிழமை மத்தியானம் பேச்சித்தாய் பதிவேட்டோடு பின்பக்கம் போனாள். 'முத்திரை நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் தன் தூக்குவாளியைத் திறந்து, கஞ்சி குடித்து மிச்சம் வைத்திருந்த தண்ணீரை ஒரு வாளி மண்ணில் ஊற்றினாள். கையை விட்டுப் பிசைந்து, களிமண்ணாக்கி, அடித்து அடித்து அமுக்கினாள். வாளியை வெயில் விழுகிற பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.

கஞ்சி குடித்துவிட்டு வெளியே வந்த பிரேமா பார்த்துவிட்டு நின்றாள். "என்னம்மா செய்யுத?"

பேச்சித்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முத்திரை மூணு வச்சிருக்காவ. நம்மட்ட வாளி நாலு இருக்கு. உள்ள போயி எல்லார் தூக்குவாளியையும் வாங்கிட்டு வா."